முதல் பத்து நகர்வுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி:

பூண்டுலோயாப் பகுதியிலுள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றில் சதுரங்கக் குழுவுக்குப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். தரம் 6 முதல் 10 வரையுள்ள பிள்ளைகள் விளையாடுகிறார்கள். டன்சினன், சீன் தோட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். விதிகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலய மட்டப் போட்டிக்குப் போனால் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளுக்குள் தோற்றுவிடுகிறார்கள். "அவங்க ஓப்பனிங் எல்லாம் பாடமாக்கிட்டு வர்றாங்க டீச்சர், எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். புத்தகம் வாங்கப் பழைய மாணவர்கள் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய ஓப்பனிங் கலைக்களஞ்சியம் ஒன்றை வாங்கலாமா, இணையத்தில் பணம் கட்டி ஒரு பாடநெறி எடுக்கலாமா, அல்லது யூடியூபே போதுமா? தமிழில் ஏதாவது கிடைக்குமா?

— ஓர் ஆசிரியை, பூண்டுலோயா

பதில்:

டீச்சர், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைக்களஞ்சியம் வேண்டாம், பணம் கட்டும் ஓப்பனிங் பாடநெறியும் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணத்தைச் சொற்களால் விளக்கும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் பலகைகளும் ஒரு போட்டிக் கடிகாரமும் வாங்கலாம். பிள்ளைகள் சொல்வதில் பாதி உண்மை: அவர்கள் தோற்பது ஆட்டத்தின் தொடக்கத்தில்தான். ஆனால் தொடக்கத்தில் தோற்பது வேறு, ஓப்பனிங் தெரியாததால் தோற்பது வேறு. பத்தாவது நகர்வில் முடிந்துபோன பள்ளிக்கூட ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அகப்படுவது காவலில்லாமல் விடப்பட்ட குதிரை, ஒரே நகர்வில் இரண்டு காய்களைத் தாக்கும் ராணி, கோட்டை கட்டாமல் நடுவில் நிற்கும் ராஜா ஆகியவைதான். எதிராளி பாடமாக்கிய வரிசை அந்தப் பிழையை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 2024 மார்ச்சிலிருந்து தரப்புள்ளியின் அடிமட்டத்தை 1400 ஆக உயர்த்தியிருக்கிறது. அந்தத் தரப்புள்ளிப் பட்டியலில் இன்னும் ஏறாதவர்களையும், ஏறி அடிமட்டத்தை ஒட்டி நிற்பவர்களையும் மனதில் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பாடசாலைப் போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் நான்கு நகர்வுச் செக்மேட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளை மந்திரியை சி4-இல் வைக்கிறது, கறுப்பு குதிரையை சி6-இல் வைக்கிறது. உடனே வெள்ளை ராணி எச்5-க்குப் பாய்கிறது. எஃப்7 கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. கறுப்பு கவனிக்காவிட்டால் அடுத்த நகர்வில் அங்கேயே செக்மேட். இதற்குப் பதில் ஜி6. சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறி ராணியை விரட்டுகிறது. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி எஃப்7-ஐக் குறிவைத்தால், கறுப்பின் மற்றக் குதிரை எஃப்6-க்கு வந்து வழியை அடைக்கிறது. கறுப்பு இரண்டு குதிரைகளையும் வெளியே கொண்டுவந்துவிட்டது, வெள்ளையோ ராணியை அலைக்கழித்து நேரத்தைத் தொலைத்துவிட்டது. இதைக் கற்ற பிள்ளை "ராணி எச்5 வந்தால் ஜி6" என்று பாடமாக்கிக்கொள்கிறது. அடுத்த போட்டியில் எதிராளி வரிசையை மாற்றுகிறார்: இ4, இ5 ஆனவுடன் இரண்டாவது நகர்விலேயே ராணி எச்5. பிள்ளை பாடமாக்கியபடியே ஜி6 ஆடுகிறது. வெள்ளை ராணி இ5 சிப்பாயை வெட்டிச் செக் சொல்கிறது. ஜி சிப்பாய் நகர்ந்ததால் திறந்துவிட்ட மூலைவிட்டத்தில் எச்8-இலுள்ள கோட்டையும் அதே ராணியின் பார்வையில் விழுகிறது. ராஜாவைக் காப்பாற்றியதும் கோட்டை போய்விடும். முதல் ஆட்டத்தில் ஜி6 பலித்ததற்குக் காரணம், சி6 குதிரை ஏற்கெனவே இ5 சிப்பாய்க்குக் காவல் நின்றதுதான். இரண்டாவது ஆட்டத்தில் அந்தக் காவல் இல்லை. முதலில் குதிரையை சி6-இல் வைத்து இ5-ஐக் காத்துக்கொண்டு, மந்திரி சி4-க்கு வந்து எஃப்7-ஐ மிரட்டிய பிறகு ஜி6 ஆடியிருந்தால் எந்தச் சேதமும் இல்லை. நகர்வை மட்டும் தந்துவிட்டுக் காரணத்தைத் தராத புத்தகம் இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பது இந்த ஓர் உதாரணத்திலேயே தெரிகிறது.

ஞாபகசக்தி எப்படி வேலை செய்கிறது என்ற ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஒல்லாந்து உளவியலாளர் அத்ரியான் தெ குரூட் தொடங்கிவைத்த சோதனைகளைத் தொடர்ந்து, 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை ஒன்றைச் சில விநாடிகள் மட்டும் காட்டி, அதை வெற்றுப் பலகையில் மறுபடி அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். தொடக்கநிலைக்காரர் சிலவற்றைத்தான் வைத்தார். அதே எண்ணிக்கைக் காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துபோனது. தேர்ந்தவரின் ஞாபகம் பொருளுள்ள அமைப்புகளைப் பற்றிக்கொள்கிறது. பொருள் இல்லாதபோது அவரும் நம்மைப் போன்றவர்தான். காரணம் புரியாத பிள்ளைக்கு ஓப்பனிங் வரிசை என்பது அந்த இறைத்துப்போட்ட காய்களுக்குச் சமம். வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழிகள் உண்டு. கறுப்பும் ஒருமுறை ஆடிவிட்டால் பலகையில் 400 விதமான நிலைகள் வரலாம். எத்தனை வரிசையைப் பாடமாக்கினாலும் எதிராளி மூன்றாவது, நான்காவது நகர்விலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவார். கடந்தகால வினாத்தாளின் விடைகளை மட்டும் பாடமாக்கிக்கொண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஓப்பனிங்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர், 1920-களில் எழுதிய தமது சதுரங்கக் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். விசேட திறமை எதுவும் இல்லாத ஒருவரை நல்ல ஆட்டக்காரராக்க 200 மணிநேரம் போதும் என்பது அவர் கணிப்பு. விதிகளுக்கும் பயிற்சிக்கும் 5 மணி, எளிய இறுதியாட்டங்களுக்கு 5, சில ஓப்பனிங்குகளுக்கு 10, காய்களைச் சேர்த்துத் தாக்கும் உத்திகளுக்கு 20, நிலையைச் சீர்தூக்கி ஆடுவதற்கு 40, மிச்சம் 120 மணியும் ஆடுவதற்கும் ஆடியதை அலசுவதற்கும். ஓப்பனிங்கின் பங்கு இருபதில் ஒன்று. அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்த கியூபாவின் கபாபிளாங்கா 1921-இல் எழுதிய 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' நூலின் முதல் அத்தியாயத்தைத் திறந்தால், எளிய செக்மேட்டுகள், சிப்பாயை ராணியாக்குவது, சிப்பாய் இறுதியாட்டங்கள், நடு ஆட்டத்தின் வெற்றி நிலைகள், காய்களின் மதிப்பு எல்லாம் வந்தபிறகே ஓப்பனிங்கின் பொது விதிகள் வருகின்றன. பொறிகள் கடைசியில். ஒருவரையொருவர் அவ்வளவாக விரும்பாத இரண்டு உலகச் சாம்பியன்கள் தனித்தனியே ஒரே வரிசையைத்தான் தந்திருக்கிறார்கள்.

நம் துணைக்கண்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் 1929-இல் தம் எசமானரான சர் உமர் ஹயாத் கானோடு இலண்டன் போனார். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போக முடியாத இந்திய முறைச் சதுரங்கத்தில் வளர்ந்தவர். ஐரோப்பிய ஓப்பனிங் நூல்களை வாசிக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. ஆனாலும் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகள் பிரித்தானியச் சாம்பியனானார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். ஃபிடே 2024-இல் அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. மேதையை உதாரணம் காட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவரைப்போல எல்லோரும் ஆகிவிடலாம் என்பதற்காக அவரைச் சொல்லவில்லை. ஓப்பனிங் அறிவு குறைவாக இருப்பது ஒருவர் ஏறக்கூடிய உயரத்தைத் தானாகவே தடுத்துவிடாது என்பதற்குத்தான் அவர் சாட்சி. இன்றைய சான்று சென்னையின் குகேஷ். அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, குகேஷின் தரப்புள்ளி 2500-ஐ நெருங்கும்வரை கணினி இயந்திரத்தைத் தொடவிடாமல் சொந்த மூளையாலேயே கணிக்கப் பழக்கினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தில் எதிராளி டிங் லிரென் 55-ஆவது நகர்வாகக் கோட்டையை எஃப்2-க்கு வைத்த தவறு, கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட்டு வெறும் சிப்பாய் இறுதியாட்டத்தில் குகேஷ் வெல்ல வழிவிட்டது. 18 வயதில் உலகப் பட்டம் கைக்கு வந்தது கபாபிளாங்கா முதல் பக்கங்களில் வைத்த அந்தப் பாடத்தால்தான்.

இதற்கு மறுப்பு இருக்கிறது, அது வலுவானதும்கூட. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஓப்பனிங்குக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்களே? உண்மை. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விஸ்வநாதன் ஆனந்த் உலகச் சாம்பியன் போட்டியில் ரஷ்யாவின் கிராம்னிக்கைச் சந்தித்தபோது, அதுவரை பெரும்பாலும் இ4 ஆடிவந்தவர் டி4-க்கு மாறி எதிராளியின் தயாரிப்பையே குலைத்தார். கறுப்புக் காய்களோடு மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை வீட்டில் தயாரித்து வந்த ஒரே வகை ஓப்பனிங்கில் வென்றார். அந்தத் தொடரை ஓப்பனிங்தான் முடிவு செய்தது என்று சொன்னாலும் பிழையில்லை. பாடமாக்குவது அளவு மீறிப் போய்விட்டது என்று சலித்துத்தான் பொபி ஃபிஷர் 1996-இல் பின்வரிசைக் காய்களை 960 விதமாக மாற்றி அடுக்கும் ஆட்ட முறையை அறிவித்தார். ஆனால் அந்த உயரத்தில் ஓப்பனிங் தீர்மானிப்பதற்குக் காரணம், இருவருமே காய்களைச் சும்மா விட்டுக்கொடுக்காதவர்கள் என்பதுதான். கால் சிப்பாய் அளவு அனுகூலத்தையும் வெற்றியாக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கால் சிப்பாய் பெரிது. பத்தாவது நகர்வில் முழுக் குதிரையை இழக்கும் பிள்ளைகளின் ஆட்டத்தில் அது கணக்கிலேயே வராது. உச்சியில் இருப்பவர் இன்று செய்வதைப் பார்க்காமல், உங்கள் பிள்ளைகளின் வயதில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். ஆனந்தின் குடும்பம் மணிலாவில் இருந்த காலத்தில் தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களை அவர் தம் தாயாரோடு சேர்ந்து தீர்த்து அனுப்பியதும், பரிசாகப் புத்தகங்களை வென்றதும் அவரே பலமுறை சொன்ன செய்திகள். சிறுவயதில் அவரைச் செதுக்கியது புதிர்களும் இடைவிடாத ஆட்டமும்தான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: பொறி வைக்கும் பிள்ளை பாடசாலைப் போட்டியில் வெல்லத்தானே செய்கிறது? வெல்கிறது. யூடியூபில் எட்டு நகர்வில் வெற்றி என்று தலைப்பிட்ட காணொளிகளுக்குக் கூட்டம் சேர்வது அதனால்தான். ஆனால் பொறி பலிக்க எதிராளி குறிப்பிட்ட ஒரு தவறைச் செய்தாக வேண்டும். அவர் செய்யாதபோது, பொறி வைத்தவரின் ராணி தவறான இடத்தில் நிற்கும், காய்கள் வீட்டிலேயே கிடக்கும். வலயத்தில் வென்றுவிட்டு மாகாண மட்டத்தில் சரிந்துபோகும் பிள்ளைகள் பலருக்கு நேர்வது இதுதான். உங்கள் பிள்ளைகள் பொறிகளைத் தெரிந்துகொள்ள வேண்டியது விழாமல் இருப்பதற்காக. அதற்கு ஒரு மாலை வகுப்பு போதும். எந்த எதிராளிக்கும் ஒரே மாதிரி ஆடலாம் என்று பலர் சிபாரிசு செய்யும் இலண்டன் முறையும் இப்படித்தான். டி4 ஆடி மந்திரியை எஃப்4-இல் வைக்கும் அந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை, பாடமாக்க வேண்டியதும் கொஞ்சம்தான். ஆனால் பலகை மூடியே கிடப்பதால் காய்கள் மோதி, தாக்கி, தற்காத்துப் பழகும் வாய்ப்பு குறைகிறது. கற்கும் காலத்தில் அந்த மோதலே பாடம்.

இனிப் புத்தகங்களுக்கு வருவோம். பெல்கிரேடிலிருந்து வெளிவரும் ஓப்பனிங் கலைக்களஞ்சியம் ஐந்து தொகுதிகள் கொண்டது. ஏ முதல் இ வரை 500 குறியீடுகளாக எல்லா ஓப்பனிங்குகளையும் வகுத்து வைத்திருக்கிறது. விளக்கச் சொற்களே இல்லாமல் நகர்வுகளும் அடையாளங்களும் மட்டும் நிறைந்த அந்த நூல், காரணம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் புரட்டிப் பார்ப்பதற்கானது. 1911-இல் முதலில் வந்து பலமுறை திருத்தப்பட்ட 'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' நூலும் அட்டவணைகளின் தொகுப்புத்தான். இரண்டுமே உங்கள் அலமாரியில் தூசி பிடிக்கும். முதலில் வாங்க வேண்டியது இர்விங் செர்னேவ் 1957-இல் எழுதிய 'லாஜிக்கல் செஸ் மூவ் பை மூவ்'. அதில் 33 முழு ஆட்டங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் நகர்விலிருந்து கடைசி நகர்வு வரை ஒன்றைக்கூட விடாமல் ஏன் என்று சொல்கிறார். இ4-க்கான காரணத்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வது வளர்ந்தவருக்கு அலுக்கலாம். தரம் 7 பிள்ளைக்கு அது வேண்டும். ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாய்களைத் தொடாதே என்பது போன்ற சில தீர்ப்புகளில் அவர் தேவைக்கு மேல் இறுக்கமானவர், இன்றைய கணினி சில இடங்களில் அவரோடு உடன்படாது என்பது சரியான விமர்சனமே. ஆனால் காரணம் எழுத்தில் இருப்பதால்தான் அதோடு வாதாட முடிகிறது. ஓப்பனிங்குக்கென்றே ஒரு நூல் வேண்டுமானால் ஜோன் எம்ஸ் 2006-இல் எழுதிய 'டிஸ்கவரிங் செஸ் ஓப்பனிங்ஸ்' பொருத்தமானது. பெயர்களையும் வரிசைகளையும் அடுக்காமல் மையம், காய்களை வெளியே கொண்டுவருதல், ராஜாவின் பாதுகாப்பு என்று அடிப்படையிலிருந்து கட்டிப்போகிறது. பால் வான் டெர் ஸ்டெரன் 2009-இல் எழுதிய 'ஃபண்டமென்டல் செஸ் ஓப்பனிங்ஸ்' 480 பக்கம். எல்லா ஓப்பனிங்குகளின் உள்நோக்கத்தையும் உரைநடையில் சொல்வது. பிள்ளை ஒரு விசித்திர ஓப்பனிங்கில் தோற்றுவிட்டு வந்தால் நீங்கள் எடுத்துப் பார்க்கும் உசாத்துணையாக, பணம் மிஞ்சினால் வாங்கி வையுங்கள்.

செலவே இல்லாத நூலும் உண்டு. கபாபிளாங்கா 1942-இல் காலமானார். இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை முடிகிறது. எனவே 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' மூல நூலை குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலிருந்து இறக்கிப் பாடசாலையிலேயே அச்செடுத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் மற்றவர்கள் திருத்திய பதிப்புகளுக்கு மட்டும் இது பொருந்தாது. ஓர் எச்சரிக்கை: மூல நூலில் இருப்பது பழைய விவரணைக் குறியீடு. ஒவ்வொரு பக்கத்தாரும் தத்தம் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணும் முறை அது. ஃபிடே 1981-இலிருந்து எழுத்தும் எண்ணும் கொண்ட இயற்கணிதக் குறியீட்டை மட்டுமே ஏற்கிறது. பிள்ளைகளிடம் பழைய பக்கங்களை அப்படியே கொடுக்காமல், ஓர் ஆட்டத்தைப் புதிய குறியீட்டில் மாற்றி எழுதும் வேலையை இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொடுங்கள். மாற்றி எழுதி முடிக்கும்போது அந்த ஆட்டம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பழைய புத்தகக் கடையில் வாங்கும்போதும் உள்ளே எந்தக் குறியீடு இருக்கிறதென்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். செர்னேவின் நூலுக்கும் பழைய குறியீட்டுப் பதிப்புகள் உண்டு. இயற்கணிதக் குறியீட்டுப் பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.

தமிழில் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குத் தேர்வு தமிழில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சதுரங்க நூலின் பாதி நகர்வுக் குறியீடுதான்; அது எந்த மொழியும் அறியாதவருக்கும் புரியும். மற்றப் பாதியில் வரும் ஆங்கிலம் எளியது, திரும்பத் திரும்ப வருவது. தாக்குகிறது, காக்கிறது, மையத்தைப் பிடிக்கிறது, வழியைத் திறக்கிறது என்பவற்றுக்கான சில டசின் சொற்கள் பழகிவிட்டால் ஒரு பக்கத்தைக் கடந்துவிடலாம். பலகைக்கு ஒரு பக்கம் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்க, மறுபக்கம் இன்னொரு பிள்ளை காயை நகர்த்தி அதே காரணத்தைத் தமிழில் சொல்லட்டும். சொல்ல முடியாத இடத்தில் நிறுத்துங்கள். புரியாதது எதுவென்று அங்கே தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். 33 ஆட்டங்களும் முடிய ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு ஆகிவிடும்.

இணையத்தைப் பொறுத்தவரை, மலையகத்தில் சிக்னலும் டேட்டாவும் வீட்டுக்கு ஒரே ஒரு போன் என்ற நிலையும் சேர்ந்துதான் எதையும் தீர்மானிக்கும். காணொளி டேட்டாவைத் தின்னும். எழுத்தும் பலகைப் படமும் தின்னாது. பிரான்சைச் சேர்ந்த திபோ துப்லெஸி 2010-இல் தொடங்கிய லிச்செஸ் தளம் இலவசம், விளம்பரம் இல்லாதது, நன்கொடையில் நடப்பது. இலட்சக்கணக்கான புதிர்கள் அதில் இருக்கின்றன. அதன் ஓப்பனிங் தேடுபொறியில் குறிப்பிட்ட தரப்புள்ளிக்காரர்கள் ஒரு நிலையில் என்ன ஆடினார்கள், எத்தனை வீதம் வென்றார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுவதைப் பார்க்காமல் உங்கள் பிள்ளைகளின் தரத்திலுள்ளவர்கள் ஆடுவதைப் பாருங்கள். அவர்கள் எதிர்கொள்ளப்போவது அதைத்தான். பணம் கட்டும் பாடநெறிகள் விற்பது பெரும்பாலும் வரிசைகளையும் அவற்றை மறக்காமல் இருப்பதற்கான பயிற்சியையும்தான். மேலே சொன்ன காரணங்களால் அது உங்கள் குழுவுக்கு இப்போது வேண்டாத செலவு. ஸ்டொக்ஃபிஷ் போன்ற கணினி இயந்திரம் சிறந்த நகர்வைச் சொல்லும், ஏன் என்று சொல்லாது. தோற்ற ஆட்டத்தில் தான் எங்கே தவறினேன் என்று பிள்ளை தன் கையால் எழுதிய பிறகே அதைத் திறக்க வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள்.

ஓப்பனிங்குக்கான அந்தப் பத்து மணிநேரத்தில் என்ன சொல்லிக் கொடுப்பது? வெள்ளையாக ஆடும்போது இ4, பிறகு குதிரை எஃப்3, மந்திரி சி4 என்ற இத்தாலிய ஆட்டம். கறுப்பாக ஆடும்போது இ4-க்கு இ5, டி4-க்கு டி5. இவ்வளவும் ஓர் ஆண்டுக்குப் போதும். இவற்றின் மேல் நான்கு விதிகள்: மையத்தைப் பிடி, ஒவ்வொரு நகர்விலும் புதுக் காய் ஒன்றை வெளியே கொண்டுவா, பத்தாவது நகர்வுக்குள் கோட்டை கட்டப் பார், ராணியை அவசரப்பட்டு அனுப்பாதே. விதிகளை மீறினால் என்ன ஆகும் என்று காட்ட, 1858-இல் பாரிஸ் ஓப்பரா அரங்கில் போல் மோர்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் ஒரு பிரபுவும் சேர்ந்து ஆடிய கறுப்பை 17 நகர்வில் வென்ற ஆட்டத்தைப் பலகையில் வையுங்கள். செக்மேட் விழும்போது கறுப்பின் எஃப்8 மந்திரியும் எச்8 கோட்டையும் ஒருமுறைகூட அசைந்திருக்காது. வெள்ளையோ கடைசிக் காய்வரை வேலைக்குக் கொண்டுவந்திருக்கும். அந்த ஒரு ஆட்டத்தில் இருக்கும் ஓப்பனிங் அறிவு, பாடமாக்கிய பத்து வரிசைகளில் இல்லை.

புத்தகமும் இணையமும் தர முடியாத ஒன்றைக் கூடி ஆடும் இடம் தருகிறது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மனுவேல் ஆரோன் 1972-இல் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் பழகினார். தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க, வென்றவர் தொடர்ந்து ஆடும் அங்கே மூத்தவர்களோடு மோதிமோதித்தான் அவர் வளர்ந்தார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். உங்கள் பாடசாலையின் ஒரு வகுப்பறையோ தோட்டத்து வாசிகசாலையோ சனிக்கிழமை இரண்டு மணிநேரத்துக்குக் கிடைத்தால் போதும். அங்கே ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். நீண்ட நேரப் போட்டிகளில் நகர்வுகளை எழுதுவது ஃபிடே விதிப்படி கட்டாயம் என்பதால் அது போட்டிக்கான பயிற்சியும் ஆகும். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும் ஒரு வரி: காயைச் சும்மா விட்டேனா, இரட்டைத் தாக்குதலைக் காணவில்லையா, கோட்டை கட்டவில்லையா, அல்லது எந்தக் காயையும் இழக்காமல் பத்தாவது நகர்விலேயே நிலை மோசமாகிவிட்டதா?

தவணை முடிவில் அந்தக் கொப்பிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். நான்காவது காரணம் மற்ற மூன்றையும்விட அதிகமாக வரும் பிள்ளைக்கு ஓப்பனிங் நூல் வாங்கிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது; எந்த ஓப்பனிங் என்றும் அந்தக் கொப்பியே சொல்லும். அதுவரை பழைய மாணவர்களின் பணத்தில் செர்னேவ் இரண்டு பிரதிகள், பலகைகள், ஒரு கடிகாரம் போதும்.